ராணி அறையைக் கிள்ளினால் கூட்டம் நிற்காது

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேனீ வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு தானாகவே ஓர் இடத்துக்கு வந்து நிற்கும்: கூட்டம் பிரிந்து போகாமல் எப்படித் தடுப்பது? பதிலும் எப்போதும் தயாராக இருக்கும். “வாரம் ஒரு தடவை பெட்டியைத் திற. அடையின் கீழ்விளிம்பில் ராணி அறை தொங்கினால் கிள்ளிப் போடு. அவ்வளவுதான்.” மூத்தவர்கள் இளையவர்களுக்கு இதையே சொல்கிறார்கள். பயிற்சிக்குப் போய் வந்தவர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். புதிதாக இரண்டு பெட்டி வாங்கி வைப்பவருக்குத் தேன் எடுக்கத் தெரிவதற்கு முன்பே ராணி அறை கிள்ளத் தெரிந்துவிடுகிறது.

இந்த அறிவுரை தவறு. தேவைப்படும்போது ஓர் அறையை அகற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதையே தடுப்பு முறையாகக் கற்பிப்பதுதான் தவறு. புது ராணியை வளர்க்கத் தேனீக்கள் கட்டும் ராணி அறை, கூட்டம் பிரிவதற்குக் காரணம் அல்ல. பிரிவது என்று குடும்பம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதன் விளைவு. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவை மட்டும் வாரந்தோறும் நசுக்குவதில் உழைப்பு வீணாகிறது, குடும்பம் நலிகிறது, பல நேரங்களில் பெட்டியே காலியாகிறது.

காரணம் எங்கே இருக்கிறது? முதலில் நெருக்கடியில். மழை ஓய்ந்து பூ கிடைக்கத் தொடங்கியதும் ராணி முட்டையிடும் வேகம் கூடுகிறது. மூன்று வாரத்துக்குள் இளம் தேனீக்கள் அலையலையாக வெளிவருகின்றன. புழுவுக்குப் பால் ஊட்டும் வயதில் ஏராளமான தேனீக்கள். ஊட்டுவதற்குப் புழுவோ குறைவு, ஏனென்றால் ராணிக்கு முட்டையிடக் காலி அறை இல்லை. வந்த தேனையும் மகரந்தத்தையும் தேனீக்கள் புழு அடையிலேயே திணித்து வைத்திருக்கின்றன. இதோடு ராணியின் வாசனை சேருகிறது. ராணியின் உடலிலிருந்து பரவும் ஒரு பொருள்தான் வேலைக்காரத் தேனீக்கள் வேறு ராணி வளர்க்காமல் தடுக்கிறது என்பதை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் விளக்கினார். பெட்டி நிரம்பி வழியும்போது அந்தப் பொருள் எல்லாத் தேனீக்கும் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. 1981இல் இஸ்ரேலிய ஆய்வாளர்களான லென்ஸ்கியும் ஸ்லபெட்ஸ்கியும் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். ராணி நடந்துபோகும் இடத்தில் அதன் காலடியிலிருந்து படியும் சுரப்பு, அங்கே ராணிக் கிண்ணம், அதாவது ராணி அறையின் தொடக்கம், கட்டப்படுவதைத் தடுக்கிறது. நெரிசலான கூட்டில் ராணி அடையின் கீழ்விளிம்புவரை போவதில்லை; கிண்ணங்கள் அங்கேதான் முளைக்கின்றன. அவர்கள் ஆராய்ந்தது மேற்கத்தியத் தேனீயை. ஆனால் நம் ஊர் இந்தியத் தேனீயின் அடையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கீழ்விளிம்பு பழக்கப்பட்ட இடம்.

இப்போது கிள்ளுகிறவர் செய்வதைப் பாருங்கள். நெரிசல் இருக்கிறது. வேலையில்லாத இளம் தேனீக்கள் இருக்கின்றன. ராணிக்கு இடம் இல்லை. இவை எதையும் அவர் தொடவில்லை. கீழே தொங்கிய அறைகளை மட்டும் எடுத்துவிட்டு மூடுகிறார். அடியில் எரியும் விறகை இழுக்காமல், பொங்கும் பாலின் மேல் மூடியை வைத்து அழுத்துவதுதான் இது. மறுநாளே தேனீக்கள் புதிய அறைகளைத் தொடங்கிவிடுகின்றன. அதைவிடக் கேடு, குடும்பம் அந்தப் பிரியும் மனநிலையிலேயே நாள்கணக்கில் நிற்பது. பறக்கத் தயாராகும் ராணிக்கு உணவைக் குறைத்து வேலைக்காரத் தேனீக்கள் அதை மெலிய வைக்கின்றன, முட்டை குறைகிறது. வெளியே போய்த் தேன் கொண்டுவர வேண்டிய தேனீக்கள் வாசலில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு சும்மா இருக்கின்றன. கூட்டம் போகவில்லை என்று வளர்ப்பவர் நிம்மதி அடைகிறார். பெட்டி உழைப்பதை நிறுத்திவிட்டது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

“வாரம் ஒரு தடவை” என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ராணி அறையில் முட்டை 3 நாள், புழு 5 நாள். ஆக 8ஆம் நாள்வாக்கில் அறை மூடப்படும். முதல் அறை மூடப்படும் சமயத்தில்தான் பழைய ராணியோடு பெருங்கூட்டம் கிளம்பும். ஆகவே 7 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் எந்த அறையும் மூடப்படும் நிலைக்கு வராது என்கிறார்கள். முதல் தடவைக்கு இந்தக் கணக்கு சரி. இரண்டாம் தடவைக்குப் பொருந்தாது. கிண்ணங்களை எல்லாம் இழந்த குடும்பம் மறுபடி முட்டையிலிருந்து தொடங்கிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண அறையில் ஏற்கெனவே பொரித்துக் கிடக்கும் இளம்புழுவை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே ராணி அறை கட்டும். அந்த அறை 4, 5 நாளிலேயே மூடப்பட்டுவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புகைப்பானோடு வரும்போது கூட்டம் வியாழக்கிழமையே போயிருக்கும்.

அதோடு, கிள்ளுவது என்றால் ஒன்று விடாமல் கிள்ள வேண்டும். அடையை மூடி நிற்கும் தேனீக்களை உதறினால் ஒழிய மூலையில் இருக்கும் அறை கண்ணில் படாது. இந்தியத் தேனீயிடம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்து உதறுவது விளையாட்டல்ல. தொல்லை தாங்காமல் கூட்டையே விட்டு ஓடிப்போகும் குணம் அதற்கு உண்டு. கூட்டம் பிரியாமல் தடுக்கப் போய், குடும்பத்தையே ஊரைவிட்டுத் துரத்திய கதையாக முடியும்.

இன்னொரு பெரிய குறை, ராணி அறைகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை என்பதை இந்த முறை மறைத்துவிடுகிறது. ஓர் அடையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். கிண்ணம் காலியாக இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. நல்ல குடும்பத்தில் எப்போதும் சில கிண்ணம் கிடக்கும். உள்ளே வெள்ளைப் பாலில் புழு மிதந்தால் குடும்பம் முடிவெடுத்துவிட்டது. நிலக்கடலைபோல் நீண்டு மூடியிருந்தால் பழைய ராணி இன்னும் இருக்கிறதா என்று புது முட்டையைத் தேட வேண்டும். நுனியில் மெழுகு உரிந்து கூட்டுப்புழுவின் பழுப்புநிறக் கூடு தெரிந்தால் கன்னி ராணி ஓரிரு நாளில் வெளிவரும். நுனி வட்டமாக வெட்டுப்பட்டு மூடிபோல் ஆடினால் ராணி வெளிவந்துவிட்டது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் முதலில் வந்த ராணி தன் போட்டியாளரைக் கொன்றுவிட்டது. ஒவ்வொன்றும் வேறு வேறு நிலை. ஒவ்வொன்றுக்கும் நாம் செய்ய வேண்டியதும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே விரல், ஒரே கிள்ளு என்றால் அது வளர்ப்பு ஆகாது.

இதில் நேரும் இரண்டு விபத்துகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, கூட்டம் ஏற்கெனவே போய்விட்டதைக் கவனிக்காமல் மீதமிருக்கும் அறைகளைக் கிள்ளுவது. பழைய ராணி போயாயிற்று. வரவிருந்த ராணியையும் நாமே கொன்றோம். முட்டையோ இளம்புழுவோ மிச்சம் இல்லையென்றால் இன்னொரு ராணி வளர்க்க வழியே இல்லை. இந்தியத் தேனீயில் ராணி இல்லாத குடும்பத்தின் வேலைக்காரத் தேனீக்கள் வெகு விரைவில் தாங்களே முட்டையிடத் தொடங்கிவிடும். அவற்றிலிருந்து வருவது ஆண் தேனீக்கள் மட்டுமே. பிறகு மெழுகு அந்துப்பூச்சிதான் அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர். இரண்டாவது, ராணியை மாற்றும் நோக்கில் கட்டப்பட்ட அறையைக் கிள்ளுவது. ராணி கிழடாகியோ காயப்பட்டோ போனால், குடும்பம் பிரியும் எண்ணமே இல்லாமல் ஓரிரண்டு அறை மட்டும், பெரும்பாலும் அடையின் நடுவில், கட்டும். அது குடும்பம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் முயற்சி. அதைக் கிள்ளியவர் நோயாளியின் கையிலிருந்த மருந்தைத் தட்டிவிட்டவர் ஆகிறார்.

“நாங்கள் இத்தனை வருடமாகக் கிள்ளுகிறோம், பெட்டிகள் நிற்கத்தானே செய்கின்றன?” என்று கேட்பார்கள். அனுபவத்தை நான் இளக்காரமாகப் பேசவில்லை. ஆனால் அனுபவத்தை எப்படி எண்ணுகிறோம் என்பது முக்கியம். எல்லாக் குடும்பமும் எல்லா ஆண்டும் பிரிவதில்லை. அறை தொடங்கிய குடும்பங்களிலும் சில, மழை திரும்பினாலோ பூ குறைந்தாலோ தாமே அந்த அறைகளை அழித்துவிடும். இப்படித் தானாக நின்ற பெட்டிகளை எல்லாம் கிள்ளியதன் வெற்றியாக எழுதிக்கொள்கிறோம். கிள்ளியும் போன பெட்டியைப் பற்றி, “ஒரு அறை கண்ணில் படாமல் போச்சு” என்று சொல்லி முறையைக் காப்பாற்றிவிடுகிறோம். நின்றால் முறையின் பெருமை, போனால் ஆளின் கவனக்குறைவு என்றால், அந்த முறை தோற்பதற்கு வழியே இல்லை. தோற்கவே முடியாத முறையை யாரும் சோதித்துப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ராணியின் இறக்கையை நறுக்குவதும், வாசலில் தடுப்புத் தகடு பொருத்துவதும் இதே சிந்தனையின் வேறு வடிவங்கள். இறக்கை நறுக்கிய ராணி கூட்டத்தோடு கிளம்பும், பெட்டிக்கு முன்னால் மண்ணில் விழும், எறும்புக்கு இரையாகும். கூட்டம் அன்றைக்குத் திரும்பி வரும். ஆனால் ஒரு வாரம் கழித்து முதல் கன்னி ராணி வெளிவந்ததும் அதோடு போய்விடும். வாசல் தகடு ஆண் தேனீக்களை உள்ளே சிறைவைக்கும். அவை துளைகளில் சிக்கிச் செத்து வாசலை அடைக்கும். கன்னி ராணி புணர்ச்சிப் பறப்புக்குப் போக முடியாமல் வீணாகும். எல்லாமே கடைசி நிமிடத்தில் கதவைப் பிடித்து நிற்கும் வேலைகள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை, நெரிசல் வரும் முன்பே இடம் கொடுப்பது. கறுத்துப்போன பழைய அடைகளை வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும்; இந்தியத் தேனீ புது அடை கட்டுவதில் ஆசை உள்ளது, மெழுகு சுரக்கும் இளம் தேனீக்களுக்கு அதுவே வேலை. தேனீக்கள் எல்லாச் சட்டத்தையும் மூடி நிற்கும்போது புழு அடைகளின் ஓரத்தில் காலிச் சட்டம் ஒன்றைச் செருக வேண்டும். தேன் அறையை நெரிசலுக்குப் பிறகு வைக்காமல் முன்கூட்டியே வைக்க வேண்டும். நிழலும் காற்றோட்டமும் வேண்டும். ராணி இளமையாக இருக்க வேண்டும். இளம் ராணி உள்ள குடும்பம் பிரியும் வாய்ப்பு குறைவு.

இரண்டாவது வேலைதான் என் வாதத்தின் மையம்: பிரியத் துடிக்கும் பலமான குடும்பத்தை, அது போவதற்கு முன்பு நாமே பிரித்துவிடுவது. பிரிவது தேனீக் குடும்பத்தின் இனப்பெருக்கம். அதை ஒழிக்க முடியாது. நமக்கு வசதியான நாளில், நம் பெட்டிக்குள் நடக்கவைக்க முடியும். நாள் நெருங்குவதை அறிய இந்தியத் தேனீ அடையாளமும் தருகிறது. அதன் ஆண் தேனீ அறையின் மூடி கூம்பாக, உச்சியில் ஊசித்துளையோடு இருக்கும். ஆண் தேனீக்கள் வெளிவரும்போது அந்தச் சின்ன மூடிகள் அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும். ஜப்பானில் இதே இனத் தேனீயை வளர்ப்பவர்கள் பிரியும் காலத்தை இந்த மூடிகளை வைத்தே கணிக்கிறார்கள். பெட்டியைத் திறந்து அடைகளைக் கலைக்க வேண்டியதே இல்லை. அடிப்பலகையைப் பார்த்தாலே போதும். புது ராணியோடு புணர ஆண் தேனீ தயாராகிவிட்டது என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது.

நாள்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். நம் பெட்டிகளுக்குத் தேன் தரும் ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து புதுத் துளிர் விட்டதும், தைக்குப் பிறகு, இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். மாசி, பங்குனிதான் அறுவடை. நவம்பர் முதல் வாரத்தில், மூடிய ராணி அறை ஒன்றோடு குடும்பத்தைப் பிரிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு வாரத்தில் ராணி வெளிவரும். இன்னொரு பத்து நாளில் புணர்ந்து முட்டையிடத் தொடங்கும். அதிலிருந்து சுமார் 20 நாளில் புதுத் தேனீ. அது வெளிவேலைக்குப் போக இன்னும் இரண்டு மூன்று வாரம். ஜனவரி முதல் பாதியில் இரண்டு பெட்டியிலும் புதிய தலைமுறை தேன் சேகரிக்கப் போகும். இதே குடும்பத்தை அறை கிள்ளிக் கிள்ளி நிறுத்தி, அது ஜனவரி நடுவில் கைமீறிப் பிரிந்தால்? பாதிக்கு மேற்பட்ட தேனீக்கள் வயிறு நிறையத் தேனோடு போய்விடும். மிஞ்சியவற்றின் புது ராணி இட்ட முட்டையிலிருந்து வந்தவை வெளிவேலைக்குப் போக மார்ச் நடு ஆகிவிடும். ரப்பர் தேன் முடியும் நேரத்தில்தான் பெட்டி எழுந்து நிற்கும். கிள்ளுவது காலத்தைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட பிரிவு, மிக மோசமான நாளில் வந்து விழுகிறது.

மறுப்புகள் உண்டு. “நவம்பரில் மழை, கன்னி ராணி பறக்க முடியாமல் கெடும்” என்பது நியாயமான கவலை. அதனால்தான் பிரிக்கும் நாளை வானம் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். மழை விடாத வாரத்தில் பிரிக்கக் கூடாது. ராணி தவறினால் தாய்ப்பெட்டியிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றைக் கொடுக்கவோ, இரண்டையும் மறுபடி சேர்க்கவோ வழி இருக்கிறது. தானாகப் பறந்துபோன கூட்டத்துக்கு இப்படி ஒரு திருத்தம் கிடையாது. “பிரித்தால் தேன் குறையும்” என்பது தாமதமாகப் பிரித்தால் உண்மை. முன்கூட்டிப் பிரித்தால் மேலே போட்ட கணக்கே பதில். “ஏழை விவசாயிக்குக் கூடுதல் பெட்டிக்குப் பணம் ஏது? ஆடி, ஆவணிப் பஞ்சத்தில் அத்தனை பெட்டிக்கும் சர்க்கரைப் பாகு ஊற்ற முடியுமா?” என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. முடியாது, ஊற்றவும் வேண்டாம். தேன் எடுத்து முடித்ததும் பலம் குன்றிய பெட்டியின் ராணியை நீக்கி, நடுவில் துளையிட்ட செய்தித்தாள் வைத்து, பலமான பெட்டியோடு சேர்த்துவிடலாம். அல்லது வளர்ச்சிப் பருவத்திலேயே ஒரு குடும்பத்தை விற்கலாம். கிள்ளி எறிந்த ராணி அறைக்கு விலை கிடையாது. ராணியோடு நிற்கும் குடும்பத்துக்கு உண்டு.

“பிரியும் பெட்டியின் ராணி அறையிலிருந்தே பெருக்கினால் பிரியும் குணம்தானே பெருகும்?” என்றும் கேட்கலாம். இது ஆழமான கேள்வி, வரலாறும் இதற்கு ஆதாரம். ஜெர்மனியின் லூனபர்க் புல்வெளிப் பகுதியில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தவர்கள், வசந்தத்தில் கூட்டம் பிரிவதையே நம்பித் தொழில் செய்தார்கள். அடிக்கடி பிரியும் தேனீயே அங்கு நிலைத்தது. ஆகவே எந்தப் பெட்டியின் அறை என்பதைப் பார்க்க வேண்டும். பலமாக வளர்ந்தும் கடைசிவரை அறை தொடங்காத, தேன் நிறையத் தந்த குடும்பத்திலிருந்து ராணியைத் தனியே எடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்றினால், தாய்ப்பெட்டி தானே நல்ல புழுவிலிருந்து ராணிகளை வளர்க்கும். அந்த அறைகளைப் பிற பெட்டிகளுக்குப் பகிரலாம். எதை வளர்ப்பது, எதை நீக்குவது என்று இப்படித் தெரிந்து செய்யும்போது அறையை அகற்றுவதும் அறிவுள்ள வேலையாகிவிடும்.

இன்னொரு தரப்பு, “இந்தியத் தேனீயே சரியில்லை, இத்தாலியத் தேனீயை வையுங்கள், பிரியாது” என்கிறது. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் 1960களில் அந்தத் தேனீ நிலைபெற்றது; வடமாநிலங்களில் அது தரும் தேன் அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதுவும் பிரியும். கூட்டம் பிரிவதைத் தடுப்பது பற்றி மேற்கில் தலைமுறை தலைமுறையாக எழுதிக் குவித்ததெல்லாம் அது சேர்ந்த மேற்கத்தியத் தேனீ இனத்தைப் பற்றித்தான். அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் டெமாரி 1892இல் வெளியிட்ட முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள். ராணியைக் காலி அடைகளோடு கீழே வைத்து, புழு அடைகளைப் பெட்டியின் மேல் அடுக்குக்கு மாற்றுவதே அதன் அடிப்படை. ஆக அங்கேயும் தீர்வு இடம் தருவதிலும் பிரிப்பதிலும்தான் இருந்தது. தேனீயை மாற்றினால் பிரச்சினை தீராது. கையாளும் முறையை மாற்ற வேண்டும்.

அடையை எடுத்துப் பிரிக்கும் முறை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910களில் இந்தியத் தேனீக்கென்று சிறிய சட்டப்பெட்டியை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சி தந்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் அதைக் கிராமத்துக் குடிசைத் தொழிலாக்கினார். சட்டப்பெட்டியின் பெரிய வரமே, அடையை உடைக்காமல் கையில் எடுத்து இன்னொரு பெட்டியில் வைக்க முடிவதுதான். பானையிலும் மரப்பொந்திலும் வளர்த்தவர்களுக்கு அது இயலாது. அந்த வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடையைத் தூக்கி அறையைக் கிள்ளி மறுபடி அதே இடத்தில் வைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் என்ற தேனீப்புழு நோய் தென்னிந்தியாவின் பெட்டிகளைச் சுடுகாடாக்கியபோது, தொழிலை மீட்டது தப்பிப் பிழைத்த குடும்பங்கள். அவற்றைப் பிரித்துப் பெருக்கியதால்தான் ரப்பர் தோட்டங்களில் மறுபடி பெட்டிகள் நின்றன. தேனீ பிரியும் துடிப்பு அன்று நமக்குச் சொத்தாக இருந்தது.

அப்படியென்றால் இயற்கைப்படி பறக்க விட்டுவிடலாமே என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பறந்த கூட்டம் வளர்ப்பவரின் கையைவிட்டுப் போன கூட்டம்; அதில் ஒரு பெட்டியின் ஓராண்டு வருமானம் இருக்கிறது.

ஆகவே கேட்பது இதுதான். பயிற்சி தருகிறவர்கள் கிள்ளுவதை முதல் பாடமாக வைக்க வேண்டாம். முதல் பாடம் இடம் கொடுப்பது. இரண்டாம் பாடம் அடிப்பலகையையும் அடையையும் படிப்பது. மூன்றாம் பாடம் நாள் பார்த்துப் பிரிப்பது. நான்காம் பாடம் தேன் முடிந்தபின் சேர்ப்பது. அறையை அகற்றுவது இவை நான்கும் தெரிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டிய ஐந்தாம் பாடம். மாணவர் கையில் முதல் நாள் கொடுக்க வேண்டியது இன்னொரு காலிப்பெட்டி. வளர்ப்பவர்கள் இந்த ஐப்பசியில் தங்கள் பெட்டிகளில் பாதியை இப்படிப் பிரித்தும், மீதியைப் பழையபடி கிள்ளியும் நடத்திப் பார்க்கட்டும். பங்குனியில் இரண்டு பக்கத்துத் தேனையும், நிற்கும் குடும்பங்களையும் எண்ணட்டும். எந்த முறை சரி என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.